மின்டிலும் ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் ஓடுகிற ஒரே பேக்கப் ஸ்கிரிப்ட்

கேட்கப்பட்டது இதுதான்: வீட்டில் மூன்று கணினிகள். மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட், மடிக்கணினியில் ஃபெடோரா, பழைய கணினி ஒன்றில் ஓப்பன்சூசே. மூன்றிலும் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) பிடிஆர்எஃப்எஸ். மின்டில் @, @ஹோம் என்ற இரண்டு சப்வால்யூம்களையும் (கோப்பு முறைமைக்குள் தனித்தனியாகக் கையாளக்கூடிய பிரிவுகள்) ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நகல்) எடுத்து வெளி வன்தட்டுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒழுங்காக வேலை செய்கிறது. அதையே மற்ற இரண்டிலும் போட்டால், அப்படி ஒரு சப்வால்யூமே இல்லை என்று நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதுவதா?

வேண்டாம். ஒன்றே போதும். உங்கள் ஸ்கிரிப்டில் சப்வால்யூம்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, கோளாறு அங்கேதான். பெயரை நாம் சொல்லக் கூடாது, கணினியிடம் கேட்க வேண்டும். அதேபோல, கடைசியாக எதை அனுப்பினோம் என்பதையும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைக்கக் கூடாது. வன்தட்டிடமே கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் எந்த விநியோகம் (மின்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) என்ற கேள்வியே ஸ்கிரிப்டுக்குள் வராது.

பெயர்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? பிடிஆர்எஃப்எஸ் எந்தப் பெயரையும் விதிக்கவில்லை. உச்சியில் 5 என்ற எண்ணுள்ள சப்வால்யூம் ஒன்று எப்போதும் இருக்கும். நாம் உருவாக்குபவை 256-இல் தொடங்கும். அவ்வளவுதான் அதன் சட்டம். @, @ஹோம் என்பது உபுண்டு தொடங்கிவைத்த வழக்கம். மின்ட் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33 முதல் மேசைக் கணினிப் பதிப்புகளுக்கு பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்புத் தேர்வு. அங்கே பெயர்கள் வெறும் ரூட், ஹோம். டெபியனின் நிறுவி 11-ஆம் பதிப்பிலிருந்து @ரூட்எஃப்எஸ் என்று ஒன்றே ஒன்றை உருவாக்குகிறது. ஹோமுக்குத் தனியாக எதுவும் கிடையாது. ஆர்ச்சில் கையால் நிறுவியவர் என்ன வைத்தாரோ அதுதான் பெயர்.

ஓப்பன்சூசே இன்னும் ஒரு படி மேலே. @ என்பதன் உள்ளே வார், ஆப்ட், எஸ்ஆர்வி, யூஎஸ்ஆர்/லோக்கல் என்று பல சப்வால்யூம்கள். நீங்கள் ரூட் (எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான உச்சிக் கோப்புறை) என்று பார்ப்பதோ @/.ஸ்னாப்ஷாட்ஸ்/1/ஸ்னாப்ஷாட் என்ற பாதையில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட்களை நிர்வகிக்கும் ஸ்னாப்பர் கருவியால் பழைய நிலைக்குப் பின்னுக்குப் போனால் (ரோல்பேக்) அந்த 1 வேறோர் எண்ணாக மாறிவிடும். அங்கே பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் இன்று ஓடினாலும், ஒரு ரோல்பேக் நடந்த மறுநாள் பழைய ரூட்டையே விசுவாசமாக நகலெடுத்துக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியே வராது. பெயர் இல்லை என்று நின்றுவிடுவதைவிட இது மோசம்.

கேட்பதற்கு ஃபைண்ட்எம்என்டி என்ற கட்டளை இருக்கிறது. எல்லா விநியோகங்களிலும் வரும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் பகுதி என்பதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. வகையை பிடிஆர்எஃப்எஸ் என்று கொடுத்து, டார்கெட், யூயூஐடி (தனித்த அடையாள எண்), எஃப்எஸ்ரூட் ஆகிய மூன்று நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள். எந்தக் கோப்புறையில், எந்தக் கோப்பு முறைமையின், எந்த சப்வால்யூம் மவுண்ட் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது) என்று மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். யூயூஐடியும் எஃப்எஸ்ரூட்டும் ஒன்றாக உள்ள வரிகள் இரண்டு இருந்தால் ஒன்றை விட்டுவிடலாம். பைண்டு மவுண்ட் செய்த (வேறோர் இடத்திலும் தெரியும்படி இணைத்த) சாதாரணக் கோப்புறைகளும் இந்தப் பட்டியலில் கலந்து வரும். அவற்றைக் கழிக்க ஓர் எளிய சோதனை உண்டு: எந்த சப்வால்யூமாக இருந்தாலும் அதன் உச்சிக் கோப்புறையின் ஐநோடு எண் (ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பு முறைமை தரும் எண்) 256. ஸ்டாட் கட்டளையில் வேறு எண் வந்தால் அது சப்வால்யூமின் தலை அல்ல.

இந்தப் பட்டியலில் வராதவையும் உண்டு. ஒரு சப்வால்யூமுக்குள் கோப்புறைபோல உட்கார்ந்திருக்கும் இன்னொரு சப்வால்யூம் தனியாக மவுண்ட் ஆவதில்லை. கணினியின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி தானாகவே /வார்/லிப்/மெஷின்ஸ், /வார்/லிப்/போர்ட்டபிள்ஸ் என்று இரண்டை உருவாக்கி வைத்திருக்கும். கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தன் பிடிஆர்எஃப்எஸ் டிரைவரில் ஓடினால் கணக்கின்றிப் போடும். ஸ்னாப்ஷாட் உள்ளே இறங்கிப் போகாது. வெளி சப்வால்யூமை எடுத்தால், உள்ளே இருப்பது காலிக் கோப்புறையாக மட்டுமே வரும். அந்தக் காலிக் கோப்புறையின் ஐநோடு எண் 2. நகல் எடுத்த பிறகு ஸ்னாப்ஷாட்டில் ஐநோடு 2 உள்ள கோப்புறைகளைத் தேடிப் பார்த்தால், எவை விடுபட்டன என்ற பட்டியல் கையில் கிடைக்கும். ஸ்கிரிப்ட் அதை லாக்கில் எழுதட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். டாக்கர் அடுக்குகளைப் பேக்கப் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இமேஜ்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, ஸ்னாப்ஷாட்களை எங்கே வைப்பது. ஸ்னாப்பர் பயன்படுத்தும் .ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அது ஸ்னாப்பரின் வீடு. ஸ்னாப்ஷாட் எடுக்கும் இன்னொரு கருவியான டைம்ஷிஃப்ட் வைக்கும் இடத்திலும் வேண்டாம். யூயூஐடியைக் கொண்டு 5-ஆம் எண் உச்சி சப்வால்யூமை /ரன் கோப்புறைக்குள் எங்காவது தற்காலிகமாக மவுண்ட் செய்து, அதில் சொந்தமாக ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிடலாம். இதில் இரண்டு லாபம். ஓப்பன்சூசேயில் ரோல்பேக் செய்தாலும் உங்கள் நகல்கள் அசையாது. லொகேட் கருவிக்காக வட்டு முழுவதையும் அலசும் நிரல் கோப்புகளை ஒன்றுக்குப் பத்தாகப் பட்டியலிட்டுக்கொண்டிருக்காது.

ஸ்னாப்ஷாட் படிக்க மட்டும் கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வன்தட்டுக்கு அனுப்பும் செண்ட் கட்டளை அதைத் தொடாது. பெயரில் மவுண்ட் பாதையும் யூடிசி நேரமும் இருக்கட்டும். ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள், மணி என்று எழுதினால் அகரவரிசையே கால வரிசையாகிவிடும். முக்காற்புள்ளி போடாதீர்கள், வன்தட்டை என்றாவது விண்டோஸ் பக்கம் கொண்டுபோய் இந்தப் பெயர்களோடு கோப்புகளை நகலெடுத்தால் தொல்லை.

இனி மையமான விஷயம். முதல் முறை முழு நகல் போகும். அடுத்த முறையிலிருந்து மாற்றங்கள் மட்டும் போக வேண்டுமென்றால், இரு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டும். அதைத்தான் பேரன்ட் என்று பி தெரிவில் கொடுக்கிறோம். பெரும்பாலான ஸ்கிரிப்டுகள், கடைசியாக அனுப்பியதன் பெயரை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை அதை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கோப்பு பொய் சொல்ல எவ்வளவோ வழிகள். அனுப்பும்போது யூஎஸ்பி கேபிள் கழன்றிருக்கலாம். வன்தட்டில் இடமில்லை என்று யாரோ ஒரு நகலை அழித்திருக்கலாம்.

இதற்கு மாற்று அந்த நகல்களுக்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஸ்னாப்ஷாட்டின் மேல் சப்வால்யூம் ஷோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். யூயூஐடி (அந்த ஸ்னாப்ஷாட்டின் சொந்த அடையாளம்) என்று ஒரு வரி, பேரன்ட் யூயூஐடி என்று ஒன்று, ரிசீவ்டு யூயூஐடி என்று ஒன்று. மூலக் கணினியில் எடுத்த ஸ்னாப்ஷாட்டில் மூன்றாவது வரி வெறும் கோடாக இருக்கும். அதே ஸ்னாப்ஷாட் வெளி வன்தட்டில் வந்து இறங்கியதும், அங்கே அதற்குப் புது யூயூஐடி கிடைக்கிறது. ரிசீவ்டு யூயூஐடி வரியில் மூலத்தின் யூயூஐடி அச்சாக வந்து நிற்கிறது. இணைப்பு இவ்வளவுதான். ஆகவே ஸ்கிரிப்ட் மூலத்திலுள்ள ஸ்னாப்ஷாட்களைப் புதியதிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாக எடுத்து, அதன் யூயூஐடி வன்தட்டில் ஏதாவது ஒன்றின் ரிசீவ்டு யூயூஐடியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் பொருந்துவது பேரன்ட். எதுவும் பொருந்தவில்லையா, முழு நகல் அனுப்பு. சப்வால்யூம் லிஸ்ட் கட்டளையில் சிறிய யூ தெரிவு முதல் பட்டியலையும், பெரிய ஆர் தெரிவு இரண்டாவது பட்டியலையும் கொடுத்துவிடும். மற்றது பத்து வரி வேலை.

இதன் அருமை இரண்டு வெளி வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது தெரியும். ஒன்று வீட்டில், ஒன்று உறவினர் வீட்டில் என்று வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பொதுவான ஸ்னாப்ஷாட் வேறு வேறு. குறிப்புக் கோப்பு வைத்திருந்தால் குழம்பும். வன்தட்டிடம் கேட்டால் எது செருகப்பட்டிருந்தாலும் சரியான பதில் வரும். ஒரே நிபந்தனை: மூலத்தில் பழையவற்றை அழிக்கும்போது, ஒவ்வொரு வன்தட்டுக்கும் கடைசியாகப் போனதை விட்டுவைக்க வேண்டும். அதை அழித்துவிட்டால் அடுத்த முறை முழு நகல்தான்.

பாதியில் அறுந்த நகலை அடையாளம் காண்பதும் இதே வரியால்தான். மறுமுனையில் பெற்றுக்கொள்ளும் ரிசீவ் கட்டளை, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கடைசியாகத்தான் ரிசீவ்டு யூயூஐடியை எழுதி, படிக்க மட்டும் என்று பூட்டுகிறது. இடையில் நின்றுபோனால் அந்த வரி காலியாக, பூட்டு இல்லாமல், பார்ப்பதற்கு முழு நகல் போலவே ஒரு கோப்புறை அங்கே கிடக்கும். ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே அப்படிப்பட்டவற்றைத் தேடி அழித்துவிடட்டும். ஆனால் உங்கள் பெயர் வடிவம் உள்ளவற்றை மட்டும். வன்தட்டில் நீங்கள் கையால் உருவாக்கிய சப்வால்யூம்களுக்கும் அந்த வரி காலியாகத்தான் இருக்கும்.

செண்டையும் ரிசீவையும் பைப்பால் இணைக்கும்போது, கட்டளைகளை இயக்கும் ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்க்கிறது. பைப்ஃபெயில் அமைப்பைப் போட்டால்தான் செண்ட் பக்கம் தோற்றதும் தெரியும். இதில் விநியோக வேறுபாடு ஒன்று ஒளிந்திருக்கிறது. முதல் வரியில் எஸ்எச் என்று எழுதியிருந்தால், ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் அது பேஷ். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றில் அது டேஷ் என்ற இன்னொரு ஷெல். டேஷின் பரவலாக உள்ள பதிப்புகளுக்குப் பைப்ஃபெயில் தெரியாது. எனவே முதல் வரியில் பேஷ் என்றே எழுதுங்கள். பிடிஆர்எஃப்எஸ் நிரலும் சில விநியோகங்களில் எஸ்பின் கோப்புறையில், சிலவற்றில் பின் கோப்புறையில் இருக்கிறது. நேரம் குறித்து நிரல்களை ஓட்டும் கிரான் கொடுக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) குறுகலானது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பாத் மாறியை முழுமையாக எழுதிவிடுங்கள். தொகுப்பின் பெயரும் மாறும்: மற்றவற்றில் பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ், ஓப்பன்சூசேயில் மட்டும் நடுக்கோடு இல்லாமல்.

வன்தட்டு உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். மவுண்ட் ஆகாவிட்டாலும் /எம்என்டி/பேக்கப் என்ற கோப்புறை இருக்கத்தான் செய்யும். ரூட்டும் பிடிஆர்எஃப்எஸ் என்பதால் ரிசீவ் மகிழ்ச்சியாக அங்கேயே கொட்டத் தொடங்கும். ரூட் வட்டு நிரம்பியபோதுதான் உங்களுக்குத் தெரியவரும். அந்தப் பாதையின் யூயூஐடியை ஃபைண்ட்எம்என்டியிடம் கேட்டு, நீங்கள் எழுதிவைத்துள்ள வன்தட்டுகளின் யூயூஐடிகளில் ஒன்றோடு பொருந்தினால் மட்டும் தொடரவும். எஸ்டிபி, எஸ்டிசி என்ற சாதனப் பெயர்களை நம்ப வேண்டாம். செருகும் வரிசையைப் பொறுத்து அவை மாறும்.

மூன்று கணினிகளும் ஒரே மாதிரி இல்லாத இன்னோர் இடம் பூட், அதாவது கணினியை ஏற்றும் கோப்புகள். ஃபெடோராவில் /பூட் தனி ஈஎக்ஸ்டி4 பகிர்வு. ஈஎஃப்ஐ பகிர்வு எல்லா இடத்திலும் ஃபேட். இவை எந்த ஸ்னாப்ஷாட்டிலும் வராது. ஆனால் லினக்ஸின் மையமான கர்னலின் மாட்யூல்கள் (அது ஏற்றிக்கொள்ளும் துணைப் பகுதிகள்) ரூட் சப்வால்யூமில் இருக்கின்றன. மூன்று மாதம் பழைய ரூட்டை மீட்டு, இன்றைய /பூட்டோடு சேர்த்து ஏற்றினால், கர்னலுக்குப் பொருந்தும் மாட்யூல்கள் இருக்காது. ஓப்பன்சூசேயில் பொதுவாகக் கர்னல் ரூட்டுக்குள்ளேயே இருக்கும், அப்போது இந்தச் சிக்கல் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வு: ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன், /பூட்டோ ஈஎஃப்ஐயோ பிடிஆர்எஃப்எஸ் அல்லாத தனி மவுண்டாக இருந்தால், அதை ஒரு டார் கோப்பாக்கி ரூட்டுக்குள் ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். பகிர்வு அட்டவணை, எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்), நிறுவிய தொகுப்புகளின் பட்டியல் ஆகியவற்றையும் அங்கேயே எழுதிவிட்டால், ஸ்னாப்ஷாட் அதையும் தூக்கிக்கொண்டு போகும்.

தொகுப்புகளைப் பற்றிய தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டெபியன் வகையில் அது /வார்/லிப்/டிபிகேஜி. சிலர் ஓப்பன்சூசேயைப் பார்த்து மின்டிலும் /வாரைத் தனி சப்வால்யூம் ஆக்குகிறார்கள். ஓப்பன்சூசே தன் ஆர்பிஎம் தரவுத்தளத்தை /யூஎஸ்ஆர் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் அதைச் செய்தது. டெபியனில் அப்படிப் பிரித்துவிட்டு ரூட்டை மட்டும் பின்னுக்கு எடுத்தால், நிறுவப்பட்டிருப்பது ஒன்று, பட்டியலில் இருப்பது வேறொன்று.

செண்டின் நெறிமுறைப் பதிப்பு பற்றிச் சுருக்கமாக. கர்னல் 6.0-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அழுத்திய தரவை விரிக்காமல் அப்படியே அனுப்ப அது வழிசெய்தது. வலைவழி அனுப்புவோருக்கு நல்ல மிச்சம். ஆனால் பெறுகிற கணினியிலுள்ள கருவிகளும் அதை அறிந்திருக்க வேண்டும். 5.10 கர்னலோடு வந்த டெபியன் 11 போன்ற பழைய அமைப்பு எதிர்முனையில் இருந்தால் இரண்டாம் பதிப்பைக் கேட்காமல் விட்டுவிடுங்கள். இயல்பாகப் போவது முதல் பதிப்புதான், அது எங்கும் செல்லும். வெளி வன்தட்டை இசட்எஸ்டிடி அழுத்தத்தோடு மவுண்ட் செய்தால் அங்கே இறங்கும்போது மறுபடி அழுத்தப்படும்.

வெளி வன்தட்டு ஈஎக்ஸ்டி4 அல்லது என்டிஎஃப்எஸ் என்றால் ரிசீவ் செய்ய முடியாது. செண்டின் ஓட்டத்தை ஒரு கோப்பாகச் சேமிக்கலாம் என்று சொல்வார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின் எதையும் எடுக்க முடியாது. அதன் மேல் அடுக்கிய மாற்றக் கோப்புகளும் வீண். ஒரு கோப்பை மட்டும் திறந்து பார்க்கவும் வழியில்லை. படிக்க மட்டும் கூடிய ஸ்னாப்ஷாட்டை எடுத்து, அதிலிருந்து ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் கருவியைக் கொண்டு நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட் அசையாமல் நிற்பதால் நகலெடுக்கும்போது கோப்புகள் மாறிவிடும் தொல்லையாவது இல்லை. பிறகு எந்தக் கணினியாவது இசட்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமைக்கு மாறினால் இந்த ஸ்கிரிப்டை நீட்ட முயலாதீர்கள். அதன் செண்ட் முறை வேறு உலகம், அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன.

மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றைத் தனி சப்வால்யூமுக்கு நகர்த்திவிடுவது நல்லது. ஸ்னாப்ஷாட்டில் அவை மின்சாரம் திடீரென்று போன நொடியில் இருந்த நிலையில்தான் இருக்கும். நல்ல தரவுத்தளம் அதிலிருந்து எழுந்துவிடும். ஆனாலும் முறையான டம்ப் (தரவுத்தளமே எழுதித் தரும் நகல்) ஒன்றை எடுத்து அருகில் வைப்பதற்கு ஒரு நிமிடம்தானே ஆகும்.

ஓட்டும் நேரத்துக்கு கிரானைவிட சிஸ்டம்டி டைமர் மேல். மூன்றிலும் இருக்கிறது, பெர்சிஸ்டன்ட் அமைப்பைப் போட்டால், குறித்த நேரத்தில் மடிக்கணினி அணைந்திருந்தாலும் அடுத்து ஏற்றும்போது ஓடும். அனுப்பும் வேலையை சிஸ்டம்டி-இன்ஹிபிட் வழியாக ஓட்டுங்கள், நடுவில் மடிக்கணினி உறங்கிவிடாது. எஃப்லாக் கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் வராமல் தடுங்கள். வன்தட்டு செருகப்படவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அமைதியாக வெளியேறட்டும். ஆனால் கடைசி நகல் ஒரு வாரத்துக்கு மேல் பழையதானால் திரையில் அறிவிப்பு வர வேண்டும்.

இவ்வளவையும் நீங்களே எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டால், பிடிஆர்பிகே என்ற பெர்ல் கருவி, பேரன்டைத் தேடுவதிலிருந்து பழையவற்றைக் கழிப்பது வரை பெரும்பகுதியைச் செய்துவிடும். /பூட் நகலும், எதை எடுப்பது என்ற கண்டுபிடிப்பும்தான் உங்கள் பங்கு. நானாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு சிறிய பேஷ் உறை எழுதுவேன்.

மீட்கும்போது கவனிக்க வேண்டியவை மீதி. வெளி வன்தட்டிலிருந்து கணினிக்குத் திரும்பி வந்த ஸ்னாப்ஷாட் பூட்டப்பட்டிருக்கும். அதன் பூட்டைப் ப்ராப்பர்ட்டி கட்டளையால் திறந்து அப்படியே ரூட்டாகப் பயன்படுத்தாதீர்கள். புதிய கருவிகள் கட்டாயப்படுத்தினால் ஒழிய அதை அனுமதிப்பதும் இல்லை. ரிசீவ்டு யூயூஐடி ஒட்டிக்கொண்டே இருந்தால், அதிலிருந்து இனி எடுக்கும் ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் அதே அடையாளத்தைச் சுமந்து, நாம் மேலே கட்டிய பேரன்ட் தேடலைக் குலைத்துவிடும். அதிலிருந்து எழுதக்கூடிய ஓர் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதற்கு அந்த வரி காலியாகவே தொடங்கும்.

ஃபெடோராவில் லைவ் யூஎஸ்பியில் ஏற்றி, பழைய ரூட்டின் பெயரை மாற்றிவிட்டு, புதியதற்கு ரூட் என்று பெயர் வைத்தால் போதும். எஃப்எஸ்டேபும் கர்னல் வரியும் பெயரால்தான் தேடுகின்றன. மின்டிலும் @ என்ற பெயருக்கு அப்படியே. ஆர்ச் கணினி ஏதாவது சேர்ந்தால் அங்கே எச்சரிக்கை: எஃப்எஸ்டேபை உருவாக்கும் அதன் ஜென்எஃப்எஸ்டேப் கருவியின் பழைய பதிப்புகள் பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதின. மீட்ட சப்வால்யூமுக்கு எண் புதிது. பெயரும் எண்ணும் ஒன்றையே சுட்டாவிட்டால் மவுண்ட் தோற்கும். எண்ணுள்ள பகுதி இருந்தால் அதை எஃப்எஸ்டேபிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். காலிக் கோப்புறைகளாக வந்த உள் சப்வால்யூம்களையும், லாக்கில் உள்ள பட்டியலைப் பார்த்து மறுபடி உருவாக்க வேண்டும்.

ஓப்பன்சூசேயின் ரூட்டை மட்டும் இப்படி முழுதாகத் தூக்கி வைக்க நான் முயல மாட்டேன். எஃப்எஸ்டேபில் ரூட்டுக்கு சப்வால்யூம் பெயரே இருக்காது. இயல்பு சப்வால்யூம் எது என்று கோப்பு முறைமையில் குறித்திருப்பதைக் கொண்டே அது ஏற்றுகிறது. ஸ்னாப்பரின் எண் வரிசையும் அதோடு பிணைந்திருக்கிறது. அந்த வட்டு போய்விட்டால், புதிதாக நிறுவி, தொகுப்புப் பட்டியலைக் கொடுத்து, ஹோமையும் /ஈடிசியில் நீங்கள் மாற்றிய கோப்புகளையும் நகலிலிருந்து எடுத்து வைப்பதுதான் விரைவான வழி.